கண் சிமிட்டாத மீட்டர்காரர்

அந்த ஊரில் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் ஒருவர்தான். தோளில் ஒரு பை, பைக்குள் நீளமான பதிவேடு, கையில் முனை வளைந்த ஓர் இரும்புக் கம்பி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தரையோடு பதிந்திருக்கும் மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கி, குனிந்து எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். மாதம் ஒருமுறை ஊரின் எல்லா வாசலிலும் நிற்கிற மனிதர் என்பதால் அவரைத் தெரியாதவர் கிடையாது. குனிந்தபடியே ஏதாவது சொல்லி வீட்டுக்காரர்களைச் சிரிக்கவைப்பது அவர் வழக்கம். மீட்டர் கொஞ்சம் கூட ஓடியிருந்தால், வீட்டில் யானை கட்டிக் குளிப்பாட்டுகிறீர்களா என்று கேட்பார். குறைவாக ஓடியிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பார்.

அவருக்கு ஒரே மகள். வயது இருபது. விரல்களில் எந்நேரமும் இங்க் கறை இருந்ததால் பள்ளிக்கூடத்தில் யாரோ மசி என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. நகல் எடுப்பது, பைண்டிங் போடுவது, கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து அடுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. வேலை இல்லாத நேரத்தில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைவாள்.

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் யாரோ ஒருவர் பழைய படக்கதைப் புத்தகங்கள் அறுபதைக் கொண்டுவந்து, ஒன்றாகச் சேர்த்து பைண்டிங் போடச் சொல்லிவிட்டுப் போனார். போனவர் திரும்பி வரவே இல்லை. எல்லாம் மஞ்சளேறிய தாள். கறுப்பும் சிவப்பும் தவிர வேறு நிறம் கிடையாது. வானத்திலிருந்து பறக்கும் தட்டு இறங்கும், தட்டின் வயிற்றிலிருந்து ஏணி இறங்கும், ஏணியில் தலையில் கம்பி முளைத்தவர்கள் இறங்குவார்கள். நிழல் விழுகிற இடமெல்லாம் புள்ளி புள்ளியாக வைத்திருப்பார்கள். மசி அவற்றை எத்தனை தடவை படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. அவளோடு சேர்ந்து படித்தவன் பக்கத்து வீட்டுப் பையன். அவளைவிட ஒரு வயது மூத்தவன், கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தான். தூங்கும்போதுதான் வாயை மூடுவான் என்பதால் அவன் பெயர் ரேடியோ.

இரண்டு பேரும் சேர்ந்து அதே பாணியில் ஒரு புத்தகம் போடுவதென்று முடிவெடுத்தார்கள். கதை ரேடியோவுடையது, படம் மசியுடையது.

கதை இதுதான். ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தட்டு இறங்குகிறது. வந்தவர்களால் இங்கே மூச்சுவிட முடியாது. அதனால் ஊர்ப் பெரியவர்களின் உடம்புக்குள் ஒவ்வொருவராகக் குடியேறுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே அப்பா, அதே வாத்தியார். உள்ளே இருப்பது வேறு. ஊரில் உள்ள நாலைந்து இளவட்டங்களுக்கு மட்டும் அது தெரிகிறது. தெரிந்து என்ன செய்கிறார்கள் என்பது மீதிக் கதை.

முதலில் பிடிபடுகிற மனிதனை ரேடியோ, "எல்லா வீட்டு வாசலுக்கும் போகிற ஓர் ஆள்" என்று மட்டும் எழுதியிருந்தான். பால்காரராக இருக்கலாம், தபால்காரராக இருக்கலாம் என்று விட்டுவிட்டான். மசி அந்த ஆளின் முகத்தை மூன்று வாரம் வரையாமல் வைத்திருந்தாள்.

இந்த இடத்தில் அவள் வீட்டுச் சங்கதியைச் சொல்லியாக வேண்டும். ஒன்றரை வருடமாகவே அப்பா மாறிக்கொண்டு வந்தார். எந்த நாளில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் பேச்சு குறைந்தது. பிறகு பேசுவதே காதில் விழாத அளவுக்குக் குரல் இறங்கியது. சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கக் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். பதிவேட்டில் எறும்பு எறும்பாக எழுதுகிறார் என்று அலுவலகத்தில் புகார் வந்தது. யாராவது ஏதாவது சொன்னால் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். வாசல்களில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. வரவர அவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள் சிலர். வீட்டில் ஏதோ பிரச்சினை என்றார்கள் சிலர்.

அம்மாவுக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரு நாள் மதியம் அவள் வேலை முடிந்து வந்தபோது வாசல்வரை கேஸ் வாடை. அடுப்பின் திருகு திறந்தபடி இருந்தது, நெருப்பு அணைந்திருந்தது. நாலடி தள்ளி நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மூக்கு இல்லையா என்று அம்மா கத்தினாள். அவர் அவளைப் பார்த்தார். எனக்கு வாடை எதுவும் வரவில்லையே என்று முணுமுணுத்தார். அன்றைக்கு அம்மா ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். தன்மேல் உள்ள வெறுப்பில்தான் இந்த மனிதர் இப்படி இருக்கிறார் என்று அவள் நினைத்தாள். ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசாமல் இருக்கப் பழகினார்கள்.

மசியின் விஷயம் வேறு. நகரத்திலிருந்து வருகிற ஒரு மாத இதழ் அவள் அனுப்பிய படத்தை அட்டையில் போட்டிருந்தது. இதழ் கடைக்கு வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் இதழை நீட்டினாள். கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் அவள் பெயர். அப்பா பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நல்லாருக்கு" என்று சொன்னதுகூட அவர் உதடு அசைந்ததை வைத்து அவள் ஊகித்ததுதான். பிறகு இதழை மேசைமேல் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பொத்தானைப் போடத் தொடங்கினார்.

அன்று மாலையே மசி அந்த முகத்தை வரைந்துவிட்டாள். மூன்று வாரம் வராத முகம் அரை மணி நேரத்தில் வந்தது. தபால்காரர் இல்லை, பால்காரர் இல்லை. கையில் வளைந்த கம்பியோடு வாசல் வாசலாகக் குனிகிற மீட்டர்காரர். சிமிட்டாத கண், கொஞ்சம் திறந்த வாய், முன்னால் சாய்ந்த உடம்பு. ஒரு பக்கத்தை வரைந்து முடித்ததும் ரேடியோவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் நெடுநேரம் பார்த்தான்.

"இது மாமா மாதிரியே இருக்கு" என்றான் கடைசியில்.

"மாதிரிதான். ஆள் இல்ல" என்றாள் மசி.

அந்தப் பதில் அவனுக்குப் பிடித்துப்போய், வசனமாகவே சேர்த்துக்கொண்டான். அது மட்டுமல்ல, பிடிபட்டவர்களை இளவட்டங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற சிக்கலும் அதிலேயே தீர்ந்தது. மசி வீட்டில் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள், அவன் எழுதிக்கொண்டான். கண் சிமிட்டாது. குரல் இறங்கிவிடும். எழுத்து சிறுத்துவிடும். மூக்குக்கு வாடை தெரியாது. பிடிபட்டவர்களுக்கு வெறுங்கண் என்று பெயர் வைத்தான். எழுபத்தோராம் பக்கத்தில், அந்த மீட்டர்காரரின் மகளே அவரை ஏமாற்றித் தண்ணீர்த் தொட்டியின் பம்பு அறைக்குள் அனுப்பி, கதவைப் பூட்டுகிறாள். மற்றவர்கள் தீ வைக்கிறார்கள். ஜன்னலுக்குப் பின்னால் அந்த முகம், எரியும்போதும் மாறாமல், வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. மசி வரைந்ததிலேயே ஆகச் சிறந்த படம் அதுதான் என்று ரேடியோ சொன்னான். உண்மையும் அதுதான்.

தொண்ணூற்றாறு பக்கம். கடை முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு, மஞ்சள் தாள் வாங்கி, கறுப்பு ஒரு தடவை, சிவப்பு ஒரு தடவை என்று இயந்திரத்தில் ஓட்டி நூறு பிரதி போட்டார்கள். தைத்தது, ஓரம் வெட்டியது, அட்டை ஒட்டியது எல்லாம் மசி. கடை முகப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். சின்ன ஊர்தானே, ஒரு மாதத்துக்குள் அறுபத்திரண்டு போய்விட்டது. கல்லூரிப் பிள்ளைகள் வாங்கினார்கள், முடிவெட்டும் கடையில் ஒன்று வாங்கிப் போட்டார்கள். எங்கள் ஊரேதான், அப்படியே இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். மீட்டர்காரரைப் பற்றி மசியிடம் யாரும் நேரே கேட்கவில்லை. பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

அம்மா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. படம் வரைந்து என்ன ஆகப்போகிறது என்பது அவள் பழைய பாட்டு. அப்பாவிடம் மசி காட்டவில்லை.

ஆனால் தெருவில் சொல் முளைத்துவிட்டது. அப்பா வாசலில் குனியும்போது, மாடியிலிருந்து யாராவது "வெறுங்கண் வந்தாச்சு" என்பார்கள். ஒரு வீட்டில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, சிமிட்டாமல் அவரையே முறைத்துப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்கார அம்மாவின் வீட்டில் அவர் நின்று, வெறுங்கண் என்றால் என்னம்மா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, வெயிலில் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. படித்து முடித்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூடியைச் சரியாகப் பொருத்தி, எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

இதெல்லாம் மசிக்குப் பிற்பாடு தெரியவந்தது. அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல வீட்டுக்கு வந்தார், வழக்கம்போல உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

அதற்கு அடுத்த வாரம் ஊர் மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் அம்மா ஏதோ படிவங்களை நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தாள்கள் வந்துகொண்டிருந்தபோது கயிற்றில் தொங்கிய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். சின்ன வயதில் இந்த மாதிரி எவ்வளவோ படித்திருக்கிறேன் என்று சொல்லி ஒன்று வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து, மதிய நேரத்தில், படிவம் எதுவும் இல்லாமல் வந்தார். கையில் அந்தப் புத்தகம். உள்ளே தாள்கிழிசல்கள் செருகி அடையாளம் வைத்திருந்தார்.

"இந்த மீட்டர்காரர் கற்பனையா? இல்ல, யாரையாவது பார்த்து வரைஞ்சீங்களா?" என்று கேட்டார்.

மசிக்குச் சுருக்கென்றது. யாரோ புகார் செய்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கற்பனைதான் என்று சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் அதற்குள் ஒரு பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"நடக்கற படம் மொத்தம் பதினொண்ணு இருக்கு. எண்ணிப் பார்த்தேன். எல்லாத்துலயும் வலது கை முன்ன பின்ன போகுது. இடது கை மட்டும் மடங்கி, வயித்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அது கதைக்குத் தேவையில்லையே. ஏன் அப்படி வரைஞ்சீங்க?"

மசி குனிந்து பார்த்தாள். அவளுக்கே அது தெரியாது. கண் பார்த்ததைக் கை வரைந்திருந்தது. தெருமுனையிலிருந்து அப்பா நடந்து வருவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இடது கை ஆடவில்லை.

"எங்க அப்பா" என்றாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசனை தெரியாமல் போனது எப்போதிருந்து, எழுத்து சிறுத்தது எப்போதிருந்து, பொத்தான் போடச் சிரமப்படுகிறாரா, தூக்கத்தில் கைகால் உதைத்துக்கொள்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மசியிடம் பதில் இருந்தது. ஒன்றரை வருடம் ஒன்றையும் தவறவிடாமல் பார்த்திருந்தாள். டாக்டர் தனக்கு ஒரு சந்தேகம் இருப்பதாகவும், நேரில் பார்க்காமல் சொல்லக் கூடாது என்றும், நாளைக்கே கூட்டிக்கொண்டு வரும்படியும் சொன்னார். எழுந்தவர் தயங்கி, கவலைப்படாதீர்கள் என்றார். கடையில் இயந்திரம் வெற்றுத்தாளைக் கக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மூன்று பேரும் போனார்கள். அம்மா வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. டாக்டர் அப்பாவைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். வலது கை தட்டியது. இடது கை நாலைந்து தட்டலுக்குள் சிறுத்துச் சிறுத்து நின்றுவிட்டது. நடந்து காட்டச் சொன்னார். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். இன்று வானம் தெளிவாக இருக்கிறது என்று அப்பா எழுதினார். முதல் சொல் சரியான அளவில் இருந்தது, கடைசிச் சொல்லைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார் டாக்டர். துருப்பிடித்த கீல் போல விட்டுவிட்டு அசைந்தது.

பார்க்கின்சன் என்று அதற்குப் பெயர். மூளையில் ஒரு பகுதி கொஞ்சம் கொஞ்சமாக வேலைநிறுத்தம் செய்கிறது என்று டாக்டர் விளக்கினார். நடுக்கம் வந்தால்தான் இந்த நோய் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், சிலருக்கு நடுக்கமே வராது, உடம்பு இறுகிப்போகும், முகம் அசையாமல் போகும், உள்ளே எல்லா உணர்ச்சியும் அப்படியே இருக்கும், வெளியே மட்டும் வராது என்றார். மாத்திரை உண்டு. கொஞ்ச காலம் நன்றாக வேலை செய்யும். முழுதாகக் குணமாகாது. நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே எல்லாம் அப்படியே இருக்குமா என்று டாக்டரிடம் கேட்டாள். ஆமாம் என்றார் டாக்டர். கேஸ் வாடை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல், முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மருந்து வாங்க அம்மா வரிசையில் நின்றாள். வெளியே மரத்தடி பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மசிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எதையாவது சொல்ல வேண்டும் என்று தொடங்கி, புத்தகம் என்ற ஒரு சொல்லோடு நின்றாள்.

"படிச்சேன்" என்றார் அப்பா. அவர் குரலைக் கேட்க அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. "போன வாரம். முழுசா."

அவள் காதை எடுக்காமல் குனிந்தே இருந்தாள்.

"உன் படம் அட்டையில வந்துச்சே, அன்னைக்கு எவ்வளவு சிரிச்சேன் தெரியுமா? ஆபீஸ் போற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனேன். எல்லாருக்கும் தெரியுதுன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அப்புறம் ஒருநாள் சவரம் பண்றப்ப கண்ணாடியில பார்த்தேன். சிரிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் வரல. அப்பவே பயந்துட்டேன். யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ என் மூஞ்சியைப் பார்க்கறதையே விட்டுட்டியே."

அவர் அதைக் குற்றமாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று குரலிலிருந்தும் தெரியவில்லை, முகத்திலிருந்தும் தெரியவில்லை. உண்மையில் அவள் அந்த முகத்தைப் பார்ப்பதை விடவில்லை, தொண்ணூற்றாறு பக்கத்துக்குப் பார்த்திருக்கிறாள். ஆனால் அதை அவரிடம் சொல்ல முடியாது. அம்மா மருந்துப் பொட்டலத்தோடு வந்ததும் மூன்று பேரும் எழுந்தார்கள்.

அன்றைக்கே மசி கடையில் மீதியிருந்த பிரதிகளைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து எடுத்துவிட்டாள். பிறகு விற்றுப்போனவற்றையெல்லாம் திரும்ப வாங்கக் கிளம்பினாள். அப்பா நடந்த அதே தெருக்கள், அதே வாசல்கள். சிலர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். சிலர், நாங்கள் காசு கொடுத்து வாங்கியதை ஏன் தர வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் எழுபத்தோராம் பக்கத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். உரித்தபோது முகம் பாதி கதவிலேயே தங்கிவிட்டது. மருந்துக்கடை அம்மா புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அவர் வெயிலில் நின்று படித்ததைச் சொன்னாள். ஏன்தான் எடுத்துக் கொடுத்தேனோ என்று அவளும் கண்கலங்கினாள். பத்து நாளில் நாற்பத்தொன்று திரும்பி வந்தது. மீதி எங்கெங்கோ போய்விட்டது.

ரேடியோவுக்கும் அவளுக்கும் அப்போது நடந்த சண்டைதான் அவர்கள் வாழ்க்கையில் பெரிய சண்டை. எரிக்கிற காட்சியை எழுதியது யார் என்று அவள் கேட்டாள்.

"நான் ஒரு ஆளுன்னுதான் எழுதினேன்" என்றான் அவன். "மூஞ்சி போட்டது நீ."

சொன்ன பிறகு அவனுக்கே தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவள் யோசித்துப் பார்த்தபோது, அதில் மறுக்க ஒன்றுமில்லை.

மாத்திரை ஆரம்பித்து ஆறாவது வாரம். அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே சுவிட்சைத் தட்டினாள், மின்விசிறிக்குப் பதிலாக விளக்கு எரிந்தது. அப்பாவின் வாயோரம் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது. முழுச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. அம்மா சுவிட்சில் கையை வைத்தபடி அப்படியே நின்றாள். அதன்பின் சில நாள் வேண்டுமென்றே தப்பான சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். அலுவலகத்தில் அவரை வாசல் வேலையிலிருந்து எடுத்து மேசையில் உட்காரவைத்தார்கள். தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஊரே ஒரு மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு, அவர் எதிரில் வந்தால் தேவைக்கு மேல் சத்தமாக நலம் விசாரித்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் ஓடியது. நகரத்துப் பதிப்பகம் ஒன்றிலிருந்து மசிக்கு ஒரு கடிதம் வந்தது. எப்போதோ ரேடியோ அனுப்பிவைத்த பிரதி அவர்கள் கையில் இருந்திருக்கிறது. அப்படியே மறுபதிப்புப் போட விரும்புகிறோம், அந்த மீட்டர்காரரின் முகத்தை மறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். மசி யாரிடமும் சொல்லாமல், விருப்பமில்லை என்று பதில் எழுதிப் போட்டுவிட்டாள். பதிப்பகத்தார் ரேடியோவைக் கேட்க, அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரே வீட்டுக்கு வந்தான். கதை தன்னுடையதும்தானே, தன்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று கூடத்தில் நின்று கத்தினான். இந்த ஊரை விட்டுப் போக தனக்கு இருந்த ஒரே வழி அதுதான் என்றான். அவள், அப்பாவை வைத்து உனக்கு வழி வேண்டுமா என்று பதிலுக்குக் கத்தினாள். அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். அவர் ஏதோ சொன்னார். இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. அம்மாதான் கையை உயர்த்தி இருவரையும் அடக்கினாள்.

"என்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றார் அப்பா.

இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"வரையறப்பவும் கேக்கல. இப்ப வேணாம்னு எழுதறப்பவும் கேக்கல. மூஞ்சி என்னோடது."

மசி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "இப்பக் கேக்கறேன்ப்பா. போடலாமா?"

அவர் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். நோயினால் வந்த தாமதம் எவ்வளவு, யோசனையினால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

"வேணாம்" என்றார். "நல்லா வரைஞ்சிருக்க. அதனாலதான் வேணாம்."

ரேடியோ அவர் காலருகே வந்து குந்தி உட்கார்ந்து, சரி மாமா என்றான். அந்த வருடக் கடைசியில் அவன் ஊரை விட்டுப் போனான். நகரத்தில் வேறோர் ஓவியரோடு சேர்ந்து வேறொரு கதை போட்டான். தட்டுகள் அதிலும் இறங்கின. ஒரு பிரதி மசிக்கு அனுப்பினான். அவள் படித்துவிட்டு, நன்றாக இருப்பதாக நாலு வரி எழுதினாள். அதற்குமேல் எழுத வரவில்லை. அவளும் அதன்பின் படக்கதை எதுவும் வரையவில்லை. பத்திரிகைகளுக்குச் செடிகொடிகளும் கட்டடங்களும் வரைந்து கொடுத்தாள். முகம் கேட்டால் மறுத்துவிடுவாள்.

நோய் தெரிந்த நாலாவது வருடம் அப்பாவுக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. நடந்துகொண்டே இருப்பார், வாசற்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு முயன்றாலும் தூக்க முடியாது. பின்னாலிருந்து தள்ளினால் விழுந்துவிடுவார். ஒருமுறை அப்படி விழுந்து தோள்பட்டை எலும்பில் விரிசல் கண்டது. தரையில் குறுக்குக் கோடு போட்டுக் கொடுத்தால் சிலருக்குக் கால் எழும்பும், கோட்டைத் தாண்ட வேண்டும் என்று மூளைக்கு ஒரு பிடி கிடைக்கும் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவர் சொன்னார்.

மசி வெள்ளைப் பெயிண்டும் பட்டைத் தூரிகையும் வாங்கிவந்தாள். அப்பாவை நடக்கச் சொல்லி, அடி எவ்வளவு தூரம் விழுகிறது என்று அளந்துகொண்டாள். இந்தத் தடவை அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் போட்டாள். கொஞ்சம் தள்ளிப் போடு என்றார், இது போதும் என்றார். படுக்கை அறையிலிருந்து கூடம் வழியாக வாசல்வரை பதினெட்டுக் கோடுகள். காய்ந்த பிறகு அவர் முதல் கோட்டின் முன்னால் வந்து நின்றார். குனிந்து அதையே பார்த்தார். பிறகு வலது காலைத் தூக்கித் தாண்டி வைத்தார், அடுத்தது இடது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

சில நாள் கோடும் உதவாது. அப்படிப்பட்ட நாளில் மசி அவருக்கு எதிரே, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். அவசரப்படுத்த மாட்டாள். அவர் கால் எழும்பும்வரை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.